ஈறில் ரத்தமா? இன்ச் டேப்பையும் எடுங்கள்

கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்த வெள்ளைச் சட்டை அது. காலர் வைத்து முடித்து, தொங்கிய நூலை வழக்கம்போலப் பல்லால் கடித்து இழுத்தேன். சட்டையை விரித்துப் பார்த்தால் காலர் ஓரத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி. ஊசி குத்திவிட்டதோ என்று விரலைப் பார்த்தேன். விரலில் ஒன்றுமில்லை. ரத்தம் ஈறிலிருந்து வந்திருந்தது.

அந்தக் காலரைப் பிரித்தெடுத்து வேறு காலர் வைத்துக் கொடுத்துவிட்டேன். ஈறு விஷயம் அப்படி ஒரு மணி நேரத்தில் முடியவில்லை.

கோவில்பட்டியில் 26 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 51. அந்தச் சட்டை தைத்த நாளில் என் எடை 88 கிலோ, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். பல் தேய்க்கும்போது எச்சில் சிவப்பாக வருவது அதற்கு முன்பே மூன்று நான்கு வருடமாக இருந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வயிறு பெருத்துக்கொண்டே போனதை, உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஈறு ஒரு கணக்கு, வயிறு வேறு கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே கணக்கு என்பதைப் பல் டாக்டரம்மாவும், நர்சிங் படிக்கிற என் மகளும் சேர்ந்து எனக்குப் புரியவைத்தார்கள். என்னைப் போல வயிறும் ஈறும் சேர்ந்து வீங்கியிருக்கிறவர்கள் வீட்டில் என்ன செய்யலாம், டாக்டரிடம் என்ன கேட்கலாம், எதை முதலில் தொடங்கலாம் என்று நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

வயிற்றுக்கும் ஈறுக்கும் என்ன தொடர்பு

உடம்புக் கொழுப்பு, அலமாரியில் மடித்து வைத்த துணி மாதிரி சும்மா கிடக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அது சும்மா கிடப்பதில்லை. குறிப்பாக வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, ராப்பகலாக ரத்தத்தில் ரசாயனங்களை விட்டுக்கொண்டே இருக்கிறது. டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 என்று அவற்றுக்குப் பெயர். இவை அழற்சியைத் தூண்டுபவை. அழற்சி என்றால் காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகிறதே, அதுதான். உடம்பு கிருமியோடு போடுகிற சண்டை அது. கிருமி போனதும் சண்டை நிற்க வேண்டும். கொழுப்பு அதிகமான உடம்பில் அது நிற்பதில்லை. சாம்பலுக்கு அடியில் கனல் மாதிரி கிடந்துகொண்டே இருக்கும். கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்ஃபாவைச் சுரக்கிறது என்பதை 1993-இல் அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர் பருமனான எலிகளில் கண்டு சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கொழுப்பைப் பற்றிய பார்வையே மாறியது என்று மகள் சொன்னாள்.

இப்போது ஈறுக்கு வாருங்கள். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தினமும் ஒரு மாவு போன்ற படலம் படிகிறது. அது முழுக்கக் கிருமி. அதை எடுக்காவிட்டால் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் வரும். இது முதல் கட்டம். ஒழுங்காகச் சுத்தம் செய்தால் முழுவதும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து, நடுவில் ஒரு பை உண்டாகி, பல்லைத் தாங்குகிற எலும்பு கரைய ஆரம்பிக்கும். போன எலும்பு தானாகத் திரும்பி வராது. எலும்பைக் கரைப்பதில் கிருமியைவிட, கிருமியோடு போடுகிற சண்டைக்கே பெரிய பங்கு. இதை டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கிற உடம்பில் ஈறுச் சண்டை அளவு மீறிப் போகிறது. அதே அழுக்கு, அதே பல் தேய்ப்பு இருந்தும் பருமனானவரின் ஈறு சீக்கிரம் கெடுவது இதனால்தான். ஜப்பானில் 241 பேரைப் பரிசோதித்து, பருமன் கூடக்கூட ஈறு நோயும் கூடுகிறது என்று 1998-இல் எழுதினார்கள். பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அந்தப் பக்கமே வந்து சேர்ந்தார்கள்.

எதிர்த் திசையிலும் இது ஓடுகிறது. நாள்பட்ட ஈறுப் பையின் உள்பக்கம் ஆறாத புண்தான். வாய் முழுக்க இருக்கிற பைகளைப் பிரித்து விரித்து வைத்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்குக் காலில் ஒரு புண் இருந்தால் நாம் ஒரு வாரம் சும்மா இருப்போமா? வாயில் இருப்பதால் தெரியவில்லை. அந்தப் புண் வழியாகக் கிருமியும் அழற்சி ரசாயனமும் ரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலின் வேலை மந்தமாகிறது. சுகர் ஏறுகிறது. ஏறிய சுகர் ஈறை இன்னும் கெடுக்கிறது.

ஒல்லியானவர்களுக்கும் ஈறு நோய் வரும். தொப்பை உள்ள எல்லோருக்கும் வந்துவிடுவதும் இல்லை. அழுக்குப் படலம்தான் தொடக்கம். கொழுப்பு அதற்கு விசிறி போடுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஈறிலிருந்து தொடங்குங்கள். வயிறு குறைய மாதக் கணக்கில் ஆகும்; பாதியில் மனம் விட்டுப்போகும். ஈறு இரண்டு வாரத்தில் பதில் சொல்லும்.

முதலில் கண்ணாடி

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக நின்று உதட்டை மேலே தூக்கிப் பாருங்கள். ஈறின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம்மில் பலருக்கு ஈறு பிறவியிலேயே கருப்பாகத்தான் இருக்கும். அது நோய் இல்லை. பல்லுக்கு நடுவில் ஈறு கூராக முக்கோணமாக இருக்கிறதா, உருண்டு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ஈறு, நன்றாகத் தைத்த காலர் கழுத்தில் உட்கார்ந்த மாதிரி பல்லைப் பிடித்திருக்கும். கெட்ட ஈறு பளபளவென்று, தளர்ந்து, விலகி நிற்கும். பல் முன்பைவிட நீளமாகத் தெரிகிறதா? முன்பல்லில் புதிதாக இடைவெளி விழுந்திருக்கிறதா? கொய்யாவைக் கடித்தால் கடித்த இடத்தில் சிவப்பு தெரிகிறதா? வாய் நாற்றம் பல் தேய்த்த பிறகும் போகவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் ரத்தம் வரவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். புகை ஈறுக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்; வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாது. என் கடைக்குப் பக்கத்தில் சலவைக்கடை வைத்திருக்கிற அண்ணனுக்கு இப்படித்தான். ஒல்லியான மனிதர், ஒரு நாளும் ஈறில் ரத்தம் பார்த்ததில்லை. ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது கடைவாய்ப் பல் கையோடு வந்துவிட்டது.

அடுத்து இன்ச் டேப்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். ஆண்கள் பாதிப் பேர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறார்கள். 36 சைஸ் பேன்ட் போடுகிறவருக்கு வயிற்றைச் சுற்றி அளந்தால் 41 வரும். நானே 38 பேன்ட்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வயிறு 42 இருந்தது.

சட்டையைக் கழற்றிவிட்டு நேராக நில்லுங்கள். விலாவில் கடைசி எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கிவிடும். கண்ணாடியில் பார்த்துத் தரைக்குச் சமமாக வையுங்கள். தோலை இறுக்கக் கூடாது. மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, அந்த நிலையில் எண்ணைப் பாருங்கள். அளவு எடுக்க டேப்பைச் சுற்றினாலே எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஊர்க்கதை ஏதாவது கேட்டுப் பேச வைத்துவிட்டுத்தான் அளப்பேன். பேசும்போது வயிறு தன் இயல்புக்கு வந்துவிடும். வீட்டில் மனைவியோ பிள்ளையோ அளந்தால் நீங்களும் அப்படியே பேசிக்கொண்டிருங்கள்.

இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர். இன்ச் கணக்கில் முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும். அதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் வரும். எனக்கு 31 வந்தது. நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் பருமன். வெள்ளைக்காரர்களுக்கு 25, 30 என்று வைத்திருக்கிற கோட்டை நமக்கு இறக்கியிருப்பதற்குக் காரணம், அதே எடையில் நம் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதல், அதுவும் வயிற்றில் கூடுதல் என்பதுதான். கைகால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே நிற்கிற எத்தனையோ பேருக்கு நான் சட்டை தைக்கிறேன். எடை மெஷின் அவர்களைப் பிடிப்பதில்லை. டேப் பிடித்துவிடும்.

பல் டாக்டரிடம் போனால்

பத்து வருடத்துக்கு முன்பு ஓரிடத்தில் என் ஆடுகிற பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். ஏன் ஆடியது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கே கேட்டிருந்தால் இன்னும் இரண்டு பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். அதனால் கேளுங்கள். “எல்லாப் பல்லுக்கும் ஈறின் ஆழத்தை அளந்து சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

அதற்கு ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நம் டேப் மாதிரியே மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளப்பார்கள். நான் அளவு சொல்ல, கடைப் பையன் நோட்டில் எழுதுவான் அல்லவா, அதே மாதிரி டாக்டரம்மா எண்ணைச் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டார். “மூன்று, இரண்டு, மூன்று” என்று போய்க்கொண்டிருந்தது. கீழ் இடது கடைவாய்க்கு வந்ததும் “ஐந்து, ஆறு, ஏழு” என்றார். என் காதால் அந்த எண்களைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. 3 மில்லிமீட்டர் வரை சரி. 4-க்கு மேல் என்றால் பை உண்டாகிவிட்டது. எக்ஸ்ரேயும் எடுத்து, எலும்பு எந்த உயரத்தில் நிற்கிறது என்று காட்டினார்.

அவர் கேட்காமலேயே நீங்கள் சொல்ல வேண்டியவை சில உண்டு. சுகர், பிரஷர், இதய வால்வுக் கோளாறு இருந்தால் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். மாத்திரைச் சீட்டையே கையில் கொண்டுபோய்க் காட்டிவிடுவது நல்லது. மாற்ற வேண்டுமானால் டாக்டர்கள் பேசிக்கொள்வார்கள். சுகர் பார்த்ததே இல்லை என்றால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். டாக்டரம்மா என் ஈறைப் பார்த்துவிட்டு மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) எடுக்கச் சொன்னார். 7.8 வந்தது. எனக்குச் சுகர் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது பல் டாக்டர்தான்.

அப்புறம், பல் கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம். என் மனைவிக்கு இன்னமும் அந்தப் பயம் கொஞ்சம் இருக்கிறது. அழுக்குப் படலம் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து காரையாக இறுகிவிடும். அதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது; டாக்டர் கருவியால்தான் எடுக்க வேண்டும். எலும்பு போய் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற பற்களை அந்தக் காரை, ஓட்டுத் தையல் போட்ட மாதிரி தற்காலிகமாகச் சேர்த்துப் பிடித்திருக்கும். எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதாலும் இடைவெளி தெரியும். சில நாள் பல் கூசும், குறைந்துவிடும். ஆழமான பை இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுத்தம் செய்வார்கள். எனக்கு நான்கு தடவை வரச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் வாயின் ஒரு பக்கமாகச் செய்தார்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை மூன்று ஊரிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. அங்கே ஈறுக்கென்றே தனிப் பிரிவு இருக்கும்.

இரண்டு வாரக் கணக்கு

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் தேய்க்கச் சொன்னதும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிட்டது. இதைக் கேட்டதும் நான் கடையில் அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டேன். தினமும் இரவு பல் தேய்த்த பிறகு எத்தனை இடத்தில் ரத்தம் வந்தது என்று ஓர் எண். முதல் நாள் 11. ஐந்தாம் நாளும் 11. ஒன்பதாம் நாள் 7. பதினான்காம் நாள் 4. நீங்களும் எழுதுங்கள். இரண்டு வாரம் முடிந்தும் எந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லையோ, அங்கே பை ஆழமாக இருக்கக்கூடும். அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டினால் அவருக்கும் உதவும்.

தேய்க்கிற விதம் முக்கியம். மென்மையான நார் உள்ள பிரஷ் வாங்குங்கள். நாரின் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி, 45 டிகிரி சாய்த்து வையுங்கள். துணி ஓரம் மடித்த மடிப்புக்குள் ஊசி முனை நுழைகிற மாதிரி நார் அந்த ஓரத்துக்குள் கொஞ்சம் நுழைய வேண்டும். அழுத்தாமல், இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்து, பிறகு பல்லின் நுனிப் பக்கம் பெருக்கி விடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பல் மட்டும். இரண்டு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. கீழ் முன்பல்லின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். நாக்குக்கு அடியில் எச்சில் ஊறுகிற இடம் அது, காரை அங்கேதான் வேகமாகக் கட்டும். ரத்தம் வருகிற இடத்தைப் பயந்து விட்டுவிடத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மூன்று வருடம் அந்த இடத்தைத் தொடாமலே விட்டிருக்கிறேன். விட விட அங்கே அழுக்கு சேர்ந்து ரத்தம் கூடத்தான் செய்யும். மெதுவாக, ஆனால் கட்டாயம் தேய்க்க வேண்டிய இடம் அது.

பல்லுக்கு நடுவில் பிரஷ் போகாது. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல்லிடுக்கு பிரஷ் என்று மருந்துக்கடையில் சின்னதாகக் கிடைக்கும், பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டி மாதிரி. பல அளவுகளில் வரும். நூல் ஊசிக் காதில் போகவில்லை என்றால் மெல்லிய நூலுக்கு மாறுவோமே தவிரத் திணிக்க மாட்டோம். இதற்கும் அதே விதிதான். எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். இடைவெளியே இல்லாத பல்லுக்குப் பல்நூல். தினம் ஒரு தடவை, இரவில் செய்தால் போதும்.

இரவில் தேய்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பத்து மணிக்குக் கடை சாத்தி, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். கிருமிக்கு அது வசதி. காலையில் தேய்ப்பதைவிட இரவில் தேய்ப்பதைத்தான் டாக்டரம்மா வற்புறுத்தினார். இப்போது சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதே பல்லையும் தேய்த்துவிடுகிறேன்.

உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது வீக்கத்துக்கு இதம். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை ஸ்பூன் போதும். நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்கள் தொடரலாம், ஆனால் பிரஷ்ஷுக்குப் பதில் ஆகாது. உப்பு, கரி, செங்கல் பொடி கொண்டு ஈறைத் தேய்க்காதீர்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பானை டாக்டர் சொன்னால் சொன்ன நாள் மட்டும். அதிக நாள் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே அதைக் கொப்பளித்தால் வேலை செய்யாது. அரை மணி நேரம் விட வேண்டும்.

டீ, கடலைமிட்டாய், நடை

ஈறு ஆற ஆரம்பித்த பிறகு வயிற்றுக்கு வந்தேன். நோட்டில் அடுத்த பக்கம். கடைக்கு டீ வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டேன். ஆறு கோடு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூனுக்கு 4 கிராம் என்று குறைத்துப் போட்டாலே 48 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. என் மொத்தக் கணக்கும் டீயிலேயே முடிந்துவிட்டது. சரி என்று ஆறை இரண்டாக்கினேன், இரண்டும் சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் தலைவலி. அதன் பிறகு பழகிவிட்டது.

கடலைமிட்டாய்க்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வெல்லமும் சர்க்கரைதான், அதுவும் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்கிற சர்க்கரை. மிஷினுக்குப் பக்கத்தில் டப்பா வைத்து நாள் முழுக்க உடைத்துப் போட்டுக்கொள்வதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு, பிறகு வாய் கொப்பளிப்பு. சாயங்கால பஜ்ஜிக்குப் பதில் அவித்த கடலை அல்லது சுண்டல். மதியம் சோறு பாதியாகி, பருப்பும் முட்டையும் காயும் கூடியது. தினம் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடுகிறேன். ஈறு ஆற வைட்டமின் சி வேண்டும், இந்த இரண்டிலும் அது நிறைய இருக்கிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைக்காதீர்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும்.

மென்று தின்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்குள் கடைவாய்ப் பல் எல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு டீயில் நனைத்த ரஸ்க், இட்லி, குழைந்த தயிர்ச் சோறு, இவைதான். கடலை, கீரைத்தண்டு, கறி எதுவும் மெல்ல முடியாது. மாவும் சர்க்கரையும் மட்டும் உள்ளே போய், உடம்பு ஊதி, சுகர் வந்தது. நாங்கள் எல்லோரும் சுகரால் பல் போனது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பல் போனதும் சுகருக்கு வழி விட்டது என்று இப்போது நினைக்கிறேன். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்கிறார்கள். நொறுக்கப் பல் வேண்டுமே. வீட்டில் பெரியவர்களுக்குப் பல் இல்லை என்றால் பல்செட் கட்டிக் கொடுங்கள். அம்மாவுக்கு நான் செய்யாமல் விட்டது அது.

நடைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. வாரம் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை அரை மணி நேரம். காலையில் செண்பகவல்லி அம்மன் கோவில் வரை போய்த் திரும்பினால் எனக்குச் சரியாக அந்த நேரம் ஆகிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். கடையில் துணி வெட்டுவது, பட்டன் கட்டுவது எல்லாவற்றையும் நின்றுகொண்டு செய்ய மாற்றினேன். மிஷினில் அரை மணிக்கு மேல் தொடர்ந்து உட்காருவதில்லை.

குறட்டை விடுகிறவர்கள் கவனியுங்கள். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் இரவில் வாயைத் திறந்து மூச்சு விடுவோம். காலையில் வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த ஈறு, முக்கியமாக மேல் முன்பல் ஈறு, சீக்கிரம் வீங்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை

ஆழமான பை இருந்தவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை கிளீனிங் போதாது. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். ஈறு சிகிச்சை எடுத்த சுகர்காரர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் சராசரி சுகர் 0.4 அளவுக்குக் குறைகிறது என்று 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நான்கு மாதத்தில் 7.8-லிருந்து 7.0 ஆனது. மாத்திரை, நடை, டீ, ஈறு எல்லாம் சேர்ந்து செய்தது அது. எடை 82 கிலோ. வயிறு முப்பத்தொன்பதரை இன்ச். என் பேன்ட் நான்கையும் நானே பிரித்து இடுப்பைக் குறைத்துத் தைத்தேன்.

நோட்டில் ரத்தக் கணக்கு இப்போது பெரும்பாலும் 0, சில நாள் 1. அந்த ஒன்று எப்போதும் கீழ் இடது கடைவாயில்தான். 7 இருந்த இடம் 5-க்கு வந்து நின்றிருக்கிறது. அடுத்த முறையும் 5-ஆகவே இருந்து ரத்தமும் வந்தால், ஈறைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து தையல் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. என்ன நூல் போடுவீர்கள் என்று கேட்டேன். பட்டு நூலும் உண்டு, தானாகக் கரைகிற நூலும் உண்டு என்றார். அதுவரை அந்த இடத்துக்கு மட்டும் இரவில் பல்லிடுக்கு பிரஷ் இரண்டு தடவை. மிஷினில் ஒரு சின்ன நூல்கத்தரியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நூலை இப்போது அதில்தான் வெட்டுகிறேன்.